மில்லிமீட்டர் கணக்கு

அக்கா மகளுக்குப் பூக்கட்டத் தெரியும். நாரை அறுக்கத் தெரியாது. நிலக்கோட்டையில் பிறந்தவள். மல்லிகை மொட்டுகளை எதிரும் புதிருமாக வைத்து அவள் முடிச்சுப் போடும் வேகத்துக்கு நம் கண் ஓடாது. முழம் முடிந்ததும் அவள் வயதுப் பெண்கள் நாரைப் பல்லிடுக்கில் வைத்து நறுக்கென்று கடித்து அறுப்பார்கள். அவள் மட்டும் மடியில் ஒரு பிளேடு வைத்திருப்பாள். வாயை மூடினால் அவளுடைய கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களைத் தாண்டி 5 மில்லிமீட்டர் முன்னால் நிற்கும். மேலும் கீழும் சந்திக்காத வாயில் நார் எப்படி அறும்?

முறுக்கைக் கடைவாயில் வைத்து நொறுக்குவாள். கொய்யாவை நறுக்கித் தரச் சொல்வாள். பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துப் பொடியாக்கித்தான் வாயில் போடுவாள். அதிலும் பாதியை மெல்லாமலே விழுங்குவாள். நாலு பேர் முன்னால் பேசும்போது கை தானாக எழுந்து முகவாயை மறைத்துக்கொள்ளும். தாடையைச் சீர்செய்யும் அறுவை சிகிச்சைக்கு அவள் ஒப்புக்கொண்டபோது, ‘அழகுக்காக இவ்வளவு பெரிய ஆபரேஷனா?’ என்று உறவில் பலர் கேட்டார்கள். மெல்லுவதும் பேசுவதும் மூச்சு விடுவதும் அழகுக் கணக்கில் வராது. முகம் மாறும் என்பது உண்மைதான். ஆனால் வாய் தன் வேலையைச் சரியாகச் செய்யத் தொடங்கும்போது கூடவே வருகிற மாற்றம் அது.

அவளோடு இரண்டரை ஆண்டு அலைந்ததிலும், அந்த நாட்களில் தேடித் தேடிப் படித்ததிலும் எனக்கு ஒன்று விளங்கியது. எலும்பை அறுக்க ஒரு முற்பகல் போதும். அதற்கு முன்னும் பின்னும் உடம்பு தன் வேகத்தில்தான் வரும். பல்லுக்கு ஒரு வேகம், எலும்புக்கு ஒரு வேகம், நரம்புக்கு ஒரு வேகம். எல்லாமே மில்லிமீட்டரில் அளக்கிற வேகம். அந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்குக் காத்திருப்பதன் பாரம் பாதி குறைகிறது. தெரியாதவர்கள், எல்லாம் சரியாகவே நடந்துகொண்டிருக்கும்போதும், ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து சாகிறார்கள்.

மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒரே முகத்தில் இருந்தாலும் ஒன்றாக வளர்ந்து ஒன்றாக நிற்பவை அல்ல. மேல்தாடை மண்டையோட்டோடு ஒட்டிய எலும்பு. அதன் வளர்ச்சி முன்னதாக அடங்கிவிடும். கீழ்த்தாடை காதுக்கு முன்னால் உள்ள இரண்டு மூட்டுகளில் ஊஞ்சல் போலத் தொங்குவது. பதின்வயது முடியும் வரை, சில ஆண்களுக்கு இருபதைத் தாண்டியும், நீண்டுகொண்டிருக்கும். மேலே கொஞ்சம் குறைந்து கீழே கொஞ்சம் கூடினால் கடி மாறிவிடும். இதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஐரோப்பாவின் பல பகுதிகளை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்டே போனது. நீண்ட கீழ்த்தாடை அந்தக் குடும்பத்து ஓவியங்களில் தலைமுறை தலைமுறையாகத் தெரிகிறது. 1700-ல் இறந்த ஸ்பெயின் மன்னர் இரண்டாம் சார்லஸால் உணவைச் சரியாக மெல்லக்கூட முடியவில்லை.

ஆகவே முதல் தயாரிப்பு காத்திருப்பதுதான். பதினைந்து வயதில் அவசரப்பட்டு அறுத்தால், மிச்சமிருக்கும் வளர்ச்சி பின்னால் வந்து கணக்கைக் குலைத்துவிடும். பக்கவாட்டு எக்ஸ்ரேயை இடைவெளி விட்டு எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் தாடை ஒரே நீளமாக இருந்தால்தான் அடுத்த பேச்சு.

அடுத்தது கம்பி. இங்கேதான் பலர் மனம் உடைந்துபோகிறார்கள்.

பல் என்பது சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் இறுகி நிற்பது அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் சில பங்கே தடிமனுள்ள ஒரு நார்ப்படலம் இருக்கிறது. கம்பி பல்லை ஒரு பக்கம் தள்ளும்போது, தள்ளுகிற பக்கத்து எலும்பை ஒருவகைச் செல்கள் கரைக்கின்றன; விட்டுவந்த பக்கத்தில் வேறுவகைச் செல்கள் புது எலும்பைப் பூசுகின்றன. பல் எலும்புக்குள் நீந்துவதுபோலத்தான். வேகம், மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். கம்பியை இன்னும் முறுக்கினால் வேகம் கூடாது. அழுத்தம் மிஞ்சினால் ரத்த ஓட்டம் நசுங்கிப் பல் நின்றுவிடும்.

தாடைகள் பொருந்தாத வாயில் பற்கள் தாங்களாகவே ஒரு சமாதானம் செய்துகொண்டிருக்கும். கீழ் முன்பற்கள் உள்பக்கம் சாய்ந்துகொள்ளும், மேல் முன்பற்கள் வெளிப்பக்கம் சாய்ந்துகொள்ளும். எலும்பில் உள்ள கோணலைப் பல் பாதி மறைத்துவைக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் இந்தச் சமாதானத்தைக் கலைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் எலும்பை நகர்த்த இடமே இருக்காது. இரண்டு மில்லிமீட்டர் போவதற்குள் பல் பல்லில் முட்டிக்கொள்ளும். ஆகவே கம்பி போடுகிற மருத்துவர் ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பின் மேல் நிமிர்த்தி வைக்கிறார். நிமிர நிமிர, மறைந்திருந்த கோணல் முழுதாக வெளியே வருகிறது. எங்கள் பிள்ளைக்கு 5 மில்லிமீட்டராக இருந்தது ஒன்றரை ஆண்டில் 8 ஆயிற்று.

“கம்பி போட்டு வருஷம் ஒண்ணாச்சு. முன்னைக்கு இப்பல்ல இன்னும் தூக்கலாத் தெரியுது?” என்று எதிர்வீட்டு அம்மா கேட்டார். அவர் மனதில் ஒன்றுமில்லை. இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிகிச்சை சரியான வழியில் போகிறது என்பதற்கு அந்த 8 மில்லிமீட்டரே சாட்சி என்பதை முதல் நாளே யாராவது படம் போட்டுச் சொல்லியிருந்தால் அவள் அன்று அழுதிருக்க மாட்டாள். முதலில் எலும்பு, பிறகு கம்பி என்று வரிசையை மாற்றிச் செய்யும் முறையும் இப்போது இருக்கிறது. எல்லார் வாய்க்கும் அது ஒத்துவராது.

ஞானப்பல்லையும் முன்கூட்டியே எடுத்துவிடுவார்கள், குறைந்தது ஆறு மாதம் முன்னால். கீழ்த்தாடையைப் பிளக்கிற கோடு சரியாக அந்த இடத்தின் வழியே போகிறது. அங்கே ஒரு பல்லோ, எலும்பு மூடாத குழியோ இருந்தால் பிளவு கோட்டை விட்டு விலகிப்போகலாம்.

தாடை எலும்பை அறுத்து நகர்த்தலாம் என்ற எண்ணம் பழையது. 1849-ல் அமெரிக்காவின் வீலிங் நகரத்தில் சைமன் ஹல்லிஹென் என்பவர், சிறுவயதில் பட்ட தீக்காயத்தின் தழும்பு இழுத்து இழுத்துக் கீழ்த்தாடை நீண்டுபோன ஓர் இளம்பெண்ணுக்கு அதைச் செய்தார். அடுத்த நூறு ஆண்டுகள் இந்தச் சிகிச்சை தட்டுத் தடுமாறியே நடந்தது. கன்னத்தை வெளியிலிருந்து கீறினார்கள். எலும்பைக் குறுக்கே துண்டித்தார்கள். துண்டித்த முனைகள் ஒன்றையொன்று தொடுகிற பரப்பு கொஞ்சம், தசை இழுத்த இழுப்பில் முனைகள் விலகும், சேராமலே போகும்.

வழி கண்டவர் ஆஸ்திரியாவில் பிறந்த ஹூகோ ஒப்வேகேசர். 1950-களில் அவர் செய்தது இதுதான்: வாய்க்குள்ளிருந்தே போய், தாடையின் பின்பகுதியைக் குறுக்கே வெட்டாமல், வெளித்தகடு உள்தகடு என்று நெடுக்கே பிளந்தார். தீப்பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள் அறையைப் பாதி தள்ளினாலும் கூட்டுக்குள் மீதிப் பாதி இருந்துகொண்டே இருக்கும். அதுபோலப் பல் தாங்கிய முன்பகுதியை முன்னாலோ பின்னாலோ சறுக்கினாலும் எலும்பும் எலும்பும் அகலமாக ஒட்டியபடியே இருக்கும். அகலமாக ஒட்டினால் விரைவில் கூடும். முகத்தில் தழும்பும் இல்லை. 1961-ல் இத்தாலியரான தால் போன்ட் அந்தப் பிளவை முன்னோக்கி நீட்டி ஒட்டும் பரப்பை இன்னும் கூட்டினார். 1966-ல் ஒப்வேகேசர் வாஷிங்டனில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் பேசிய பிறகுதான் அமெரிக்க மருத்துவர்கள் இந்த முறையைக் கையில் எடுத்தார்கள். இன்று உலகெங்கும் கீழ்த்தாடைக்குச் செய்வது பெரும்பாலும் இதன் வழிவந்ததுதான்.

ஆனால் அந்தத் தீப்பெட்டியின் கூட்டுக்கும் அறைக்கும் நடுவே ஒரு நரம்பு ஓடுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மேல்தாடையின் கதை வேறு. அதை முழுதாகப் பெயர்த்தெடுக்க மருத்துவர்கள் வெகுகாலம் துணியவில்லை. 1927-ல் ஜெர்மனியின் வாஸ்மண்ட் கோடு கிழித்தாற்போல எலும்பை அறுத்தார். ஆனாலும் அதை முழுக்க விடுவிக்காமல், ரப்பர் கொண்டு மெல்ல இழுத்துப் பார்த்தார். தயக்கத்துக்குக் காரணம் ரத்தம். மேல்வரிசைப் பற்களையும் அண்ணத்தையும் தாங்கிய அந்த எலும்பை மூக்குக்குக் கீழே குறுக்கே அறுத்து முகத்திலிருந்து பிரித்துவிட்டால் அதற்குச் சோறு எங்கிருந்து வரும்? எலும்புக்குள் ஓடிவரும் குழாய்கள் எல்லாம் அறுபட்டுவிடும். எலும்பு செத்து, பல் ஒவ்வொன்றாக உதிர்ந்தால்?

விடை குரங்குகளிடமிருந்து கிடைத்தது. டெக்சாஸைச் சேர்ந்த வில்லியம் பெல் 1960-களின் கடைசியிலிருந்து ரீசஸ் குரங்குகளின் மேல்தாடையை அறுத்துப் பெயர்த்து, வெவ்வேறு நாட்களில் ரத்தக்குழாய்களுக்குள் சாயம் செலுத்தி, எது எங்கே போய்ச் சேர்கிறது என்று மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார். 1975-ல் முழு மேல்தாடையைப் பற்றிய முடிவு வெளிவந்தது. எலும்பு சாகவில்லை. அண்ணத்தின் சதையும், பின்னால் தொண்டைப் பக்கத்துச் சதையும், கன்னத்தை ஒட்டிய ஈறும் அறுபடாமல் இருந்தால் போதும். அந்தச் சதை வழியாகச் சின்னச் சின்னக் குழாய்கள் ரத்தத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. வழக்கமாக எலும்புக்குள்ளிருந்து வெளியே போகும் ஓட்டம், சதையிலிருந்து எலும்புக்குள் என்று திசை மாறிக்கொள்கிறது.

இதைப் படித்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை. மேல்தாடை ஆபரேஷன் என்றால் எலும்பை அறுக்கிற கலை என்று நினைத்திருந்தேன். சதையை அறுக்காமல் விடுகிற கலை அது. எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருப்பதால்தான் எங்கள் பிள்ளையின் மேல்வரிசைப் பற்கள் இன்று உயிரோடு இருக்கின்றன. சிகிச்சைக்குப் பல வாரம் முன்பும் பின்பும் புகை கூடாது என்று மருத்துவர்கள் கறாராகச் சொல்வதன் பொருளும் அப்போதுதான் உறைத்தது. நிக்கோட்டின் சுருக்குவது இந்தச் சின்னக் குழாய்களைத்தான்.

அறுக்கிற கோட்டுக்கு இன்றும் லெ ஃபோர்ட் என்றே பெயர். ரெனே லெ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1901-ல், இறந்தவர்களின் தலைகளைக் கட்டையால் அடித்தும் மேசை விளிம்பில் மோதவைத்தும், முகம் எந்தெந்தக் கோடுகளில் உடைகிறது என்று வகைப்படுத்தினார். விபத்து உடைக்கிற கோட்டில்தான் எலும்பு மெலிந்திருக்கும். சீர்செய்கிறவரும் அந்தக் கோட்டிலேயே போகிறார்.

எங்கள் பிள்ளைக்கு ஏன் இரண்டு தாடையிலும் கை வைத்தார்கள்? கீழ்த்தாடையை மட்டும் 10 மில்லிமீட்டர் பின்னால் தள்ளியிருக்கலாமே? தாடைக்குப் பின்னால் நாக்கு, நாக்குக்குப் பின்னால் மூச்சுவழி. தாடையைப் பின்னால் தள்ளினால் நாக்கும் பின்னால் போகும், மூச்சுவழி குறுகும். பிற்காலத்தில் தூக்கத்தில் மூச்சுத் திணறல் வரலாம். தூக்கத்தில் மூச்சு அடைபடுகிற சிலருக்கு இரண்டு தாடையையும் முன்னால் கொண்டுவந்தே வழியைத் திறக்கிறார்கள் என்றால், எதிர்த்திசையின் ஆபத்து புரியும். அதனால் சுமையைப் பங்கு போட்டார்கள். மேல்தாடை 5 முன்னால், கீழ்த்தாடை 5 பின்னால். 8 மில்லிமீட்டர் பின்தங்கியிருந்த மேல் முன்பற்கள் இப்போது 2 மில்லிமீட்டர் முன்னால் நிற்கும். நாரை அறுக்கிற வாயின் கணக்கு அந்த 2.

முன்பெல்லாம் இந்தக் கணக்கைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த பல் அச்சுகளை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தே போட்டார்கள். இப்போது சி.டி. ஸ்கேனைக் கணினியில் ஏற்றி, தாடையைத் திரையிலேயே நகர்த்திப் பார்த்து, பற்களின் பள்ளமேடு பதிந்த ஒரு பிளாஸ்டிக் தட்டை முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்கள். அறுத்த தாடை எங்கே உட்கார வேண்டும் என்பதை அந்தத் தட்டு காட்டும். திட்டத்துக்கும் நடந்ததுக்கும் வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல வேலை.

கையெழுத்துப் போடும் நாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். முதலில் போய்ப் பார்த்த ஓர் இடத்தில் சுவர் முழுக்க முன்-பின் படங்கள். ‘ஒரு மாசத்துல பழையபடி ஆயிடலாம்’ என்றார்கள். மரத்துப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதில் இன்னும் ஆறாத கோபம் உண்டு. மதுரையில் நாங்கள் கடைசியாகத் தேர்ந்த மருத்துவர் அவளுடைய கீழ் உதட்டைக் காட்டிச் சொன்னார்: “இந்த இடம் பல மாசம் மரத்திருக்கும்மா. பெரும்பாலானவங்களுக்குத் திரும்பிடும். சிலருக்குக் கொஞ்சம் அப்படியே நின்னுடும். அது தெரிஞ்சுதான் நீ கையெழுத்துப் போடணும்.” அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டுப் போட்டாள்.

காலை ஏழரைக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். மூச்சுக்குழாயை மூக்கு வழியாக விட்டிருந்தார்கள். பல்லோடு பல்லைச் சேர்த்துப் பார்க்க வாய் காலியாக இருக்க வேண்டும். ரத்தம் குறைவாகக் கசிய, அழுத்தத்தை வேண்டுமென்றே இறக்கி வைப்பார்கள். நகர்த்திய எலும்பை டைட்டானியத் தகடுகளும் சின்ன ஸ்க்ரூக்களும் பிடித்துக்கொள்ளும். இந்தத் தகடு வருவதற்கு முன்னால், எலும்பு சேரும் வரை ஆறு வாரம் மேல்வாயையும் கீழ்வாயையும் கம்பியால் சேர்த்துக் கட்டிவைத்தார்கள். வாந்தி வந்தால் அறுக்க, படுக்கையருகே கம்பி வெட்டும் கட்டர் எப்போதும் இருக்கும். 1974-ல் பெர்ன்ட் ஷ்பீஸல் ஸ்க்ரூவால் இறுக்கும் முறையைக் கொண்டுவந்ததிலிருந்து அந்தச் சிறை படிப்படியாகக் குறைந்தது. இப்போது மெல்லிய ரப்பர்களே போதும், வேண்டும்போது கழற்றலாம்.

மதியம் ஒன்றரைக்கு வெளியே வந்தாள். அன்றிரவு நோட்டுப் புத்தகத்தில் அவள் கோணலாக எழுதிக் காட்டியது இரண்டே சொல்: “மூச்சு வரல.” அக்கா பதறிப்போனாள். மூக்கு முழுக்க ரத்தக்கட்டி, வாய் ரப்பரில், உதடு வீங்கி மூடியிருக்கிறது; மூளைக்கு அது மூச்சு அடைத்த கணக்குத்தான். ஆனால் விரலில் மாட்டிய கருவி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை 99 என்று காட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் அவள் தலைமாட்டை உயர்த்தி, மெல்லிய குழாயால் மூக்கையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் உறிஞ்சிவிட்டு, அந்த எண்ணைக் காட்டி, “பல்லுக்கு நடுவுல மெதுவா இழுடா தங்கம், காத்து போயிட்டுத்தான் இருக்கு” என்றாள். அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். முதல் இரவை அப்படித்தான் கடந்தோம்.

வீக்கம் முதல் நாளில் உச்சத்துக்கு வராது. இரண்டாம் நாளிலிருந்து மூன்றாம் நாளுக்குள்தான் முகம் பூசணியாகும். இது தெரியாதவர்கள் மூன்றாம் நாள், ‘நேத்தைவிட மோசமாயிடுச்சே’ என்று அலறுவார்கள். பிறகு இறங்கத் தொடங்கும். மூன்று வாரத்தில் பெரும்பகுதி போகும். கடைசி மிச்சம் கரைய மாதங்கள் ஆகும். கன்றிய நிறம் கன்னத்திலிருந்து கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இறங்கியது; தேங்கிய ரத்தம் தன் பாரத்தில் கீழே வருகிறது, அவ்வளவுதான். ஊதா பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். ரத்தத்தின் சிவப்புப் பொருளை உடம்பு பிரித்துப் போடும்போது முதலில் பச்சை நிறப் பொருளும் பிறகு மஞ்சள் நிறப் பொருளும் உண்டாகின்றன. மஞ்சளைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று பயந்த பாட்டிக்கு இதை விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது.

மூக்கைச் சீந்தவே கூடாது. அறுத்த கோடு மேல்தாடை எலும்புக்குள் இருக்கும் காற்றறை வழியாகப் போகிறது. சீந்தினால் காற்று சதைக்குள் புகுந்து முகம் பொருமிக்கொள்ளும். தும்மல் வந்தால் ரப்பர் விட்ட மட்டும் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நம் வீடுகளில் நோயாளி என்றால் கஞ்சி. அரிசிக் கஞ்சித் தண்ணீரில் மாவுச்சத்துதான் இருக்கும். எலும்பு கட்டப் புரதம் வேண்டும். அது சாப்பாட்டில் வராவிட்டால் உடம்பு தன் தசையை உருக்கி எடுத்துக்கொள்ளும். இரண்டாம் வாரம் அவள் எடை 52-லிருந்து 48 ஆனபோது அக்கா விழித்துக்கொண்டாள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து மிக்ஸியில் அடித்து, டீ வடிகட்டியில் இரண்டு முறை வடித்து, நெய் விட்டாள். கேப்பைக் கூழை மோரில் கரைத்து வடித்தாள். வேகவைத்த முட்டையைப் பாலோடு அரைத்தாள். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்தாள். சிரிஞ்சின் முனையில் மெல்லிய ரப்பர்க் குழாய் மாட்டி, கன்னத்தின் உள்பக்கமாக விட்டு, ஒரு டம்ளர் உள்ளே போக இருபது நிமிடம். உறிஞ்சுகுழல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். எதையும் முதலில் அக்கா தன் புறங்கையில் விட்டுப் பார்ப்பாள். உதடு மரத்திருக்கிற வாய்க்குச் சூடு தெரியாது. கொப்புளம் போட்ட பிறகுதான் தெரியும்.

ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் உப்புத் தண்ணீர், குழந்தைகளின் பல்துலக்கி. இரண்டாம் வாரத்தில் மனசு தாழும் என்பதையும் முன்பே சொல்லிவைப்பது நல்லது. வலி குறைந்துவிட்டது, பார்க்க வந்தவர்கள் போய்விட்டார்கள், பசி இருக்கிறது, கண்ணாடியில் இருப்பது யாரென்று தெரியவில்லை. “மாமா, நான் தப்புப் பண்ணிட்டேனா?” என்று ஒரு நாள் ஃபோனில் எழுதி அனுப்பினாள். அன்று நான் பஸ் ஏறிப் போய் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டினேன். எனக்குக் கட்ட வராது. அவள் பிடுங்கி அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

எலும்பு தன் வேலையைக் கேட்காமலே செய்துகொண்டிருந்தது. அறுத்த இடத்தில் முதலில் ரத்தக் கட்டி, அதற்குள் புதுக் குழாய்கள், பிறகு அவசரமாகப் பின்னிய மென்மையான எலும்பு. ஆறு வாரத்தில் மென்மையான சாப்பாட்டைத் தாங்கும் அளவுக்கு அது கூடிவிடும். அவசரப் பின்னலைக் கலைத்து அடுக்கடுக்கான உறுதியான எலும்பாக மாற்றும் வேலை அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் நடக்கும். தசைதான் பின்தங்கியது. வாய் ஒரு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. மருத்துவர் ஐஸ் குச்சிகளைக் கொடுத்தார். அடுக்கிப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். பழகியதும் நடுவில் இன்னொன்றைச் செருக வேண்டும். ஒரு குச்சி, சுமார் 2 மில்லிமீட்டர். நான்காம் வாரம் ஆறு குச்சி. மூன்றாம் மாதம் பதினெட்டு. பதினெட்டு வந்த அன்று இட்லியை முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள்.

இனி நரம்பு.

கீழ்த்தாடைக்குள் நீளமாக ஒரு சுரங்கம். அதற்குள் ஓடுகிற நரம்பு கீழ்ப்பற்களுக்குக் கிளை கொடுத்துவிட்டு, முகவாய் அருகே வெளியே வந்து கீழ் உதட்டிலும் முகவாயிலும் விரிகிறது. தசையை அசைப்பது அதன் வேலை அல்ல. உணர்வைச் சொல்வது மட்டுமே. அதனால் அவள் உதடு அசைந்தது, ஆனால் இருப்பது தெரியவில்லை. எலும்பைப் பிளக்கும்போது நரம்பைக் கண்ணால் பார்த்துப் பாதுகாக்கிறார்கள். ஆனாலும் இழுபடும், நசுங்கும்.

அறுபட்ட நரம்புக்கு என்ன ஆகிறது என்று விளக்கமாகக் காட்டியவர் அகஸ்டஸ் வாலர். 1850-ல் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்பை வெட்டி, வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி முழுக்கச் சிதைந்துபோவதைக் கண்டார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களைப் பார்த்த ஹெர்பர்ட் செடன் 1943-ல் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். முதல்வகையில் இழை அறுவதில்லை, சேதி மட்டும் நின்றிருக்கும், வாரங்களில் திரும்பும். இரண்டாவதில் உள்ளிழை அறும், வெளிக்குழாய் நிற்கும். மூன்றாவதில் எல்லாமே அறும். தாடை அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் முதல் இரண்டும்தான். உள்ளிழை அறுந்திருந்தால், அந்தக் காலிக் குழாய்க்குள் அது மறுபடி வளர வேண்டும். வேகம், நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். பிளந்த இடத்திலிருந்து உதடு வரை அறுபது எழுபது மில்லிமீட்டர். போய்ச் சேரவே இரண்டு மூன்று மாதம். சேர்ந்த பிறகு, எந்த இழை எந்த இடத்தைச் சொல்கிறது என்று மூளை புதிதாகப் படிக்க வேண்டும். நரம்பு திரும்ப ஓர் ஆண்டு வரைகூட ஆகலாம். வயது கூடக்கூட முழுதாகத் திரும்பும் வாய்ப்பு குறைகிறது.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் ஆராய்ச்சி செய்தோம். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். காது குடையும் பஞ்சுக்குச்சியால் நான் முகவாயில் மெல்லத் தொட்டுக்கொண்டே வருவேன். தெரிந்தால் கையைத் தூக்குவாள். தெரியாத இடத்தின் ஓரத்தைக் கண்மைப் பென்சிலால் கோடு போட்டு ஃபோனில் படம் எடுப்போம். முதல் வாரப் படத்தில் கீழ் உதடும் முகவாயும் முழுக்கக் கோட்டுக்குள். நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் என்றால் கோடு வாரத்துக்கு ஏழு சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. ஐந்து வாரம் கோடு அசையவே இல்லை. ஆறாம் வாரம் இடது உதட்டோரத்தில் எறும்பு ஊர்கிறது என்றாள். குச்சியை எடுத்த பிறகும் ஊர்ந்தது. அடுத்த வாரம் ஷாக் அடித்தது போல ஒரு சுளீர். நல்ல சேதி, இழை வந்து சேரும்போது அப்படித்தான் சொல்லும். பிறகு கோடு நடுவில் தீவுகளாக உடைந்தது. வலதுபுறம் தொட்டால் கொஞ்சம் மேலே தொட்டதாகச் சொன்னாள். சில வாரம் கழித்து அதுவும் சரியாயிற்று.

அந்த மாதங்களில் சாப்பாட்டு நேரம் முழுக்க அக்காவின் குரல் கேட்கும்: “முகவாய்ல இருக்கு, துடை.” “இன்னும் இருக்கு பாரு.” மற்றவர் வீட்டில் சாப்பிடக் கூசினாள். எந்நேரமும் மடித்த கைக்குட்டை ஒன்று இடது கையில் இருக்கும்; தேவை இருக்கிறதோ இல்லையோ, நாலு வாய்க்கு ஒருமுறை துடைத்துக்கொள்வாள்.

பதினோராம் மாதம், ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். ரசம் ஊற்றினார்கள். கையால் அள்ளிக் குடித்தபோது ஒரு சொட்டு உதட்டிலிருந்து இறங்கி முகவாயில் நின்றது. அக்கா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இவள் புறங்கையால் அதைத் துடைத்துவிட்டு, அப்பளம் கேட்டு அந்தப் பக்கம் திரும்பினாள். கைக்குட்டை மடியில் கிடந்தது. முகவாயின் வலது ஓரத்தில் பட்டாணி அளவு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் ரசத்தைக் குடித்தேன்.